சுபாவத்துக்கு நோய் முத்திரை குத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் சென்ற வார இணைப்பில் 'உங்கள் மனம் பலவீனமானதா?' பக்கத்தைப் படித்தேன். பத்துக் கேள்விகள், ஏழுக்கு 'ஆம்' என்றால் உங்களுக்கு நியூரோட்டிசிசம் இருக்கிறது, உடனே சிகிச்சை எடுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள். என்னிடம் டியூஷனுக்கு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு மனநோயா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நியூரோட்டிசிசம் நோயின் பெயர் அல்ல. கவலையும் எரிச்சலும் சோர்வும் ஒருவருக்கு எவ்வளவு சீக்கிரம் வருகின்றன, வந்தால் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் சுபாவக் கூறு அது. உயரம் மாதிரி எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவு இருக்கும். பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். லண்டனில் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1940-களிலேயே இதை அளக்க முயன்றார். இன்று உளவியலாளர்கள் பேசும் ஐந்து பெரும் ஆளுமைப் பண்புகளில் இதுவும் ஒன்று. அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வரும் வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனால் வாய்ப்பு வேறு, நோய் வேறு.

உங்கள் கேள்விகளில் ஒன்று, 'புயல் செய்தி கேட்டால் தூக்கம் போகிறதா?' இதைக் கடலூரில் கேட்கலாமா? 2004 சுனாமியைத் தேவனாம்பட்டினத்தில் பார்த்தவர், 2011 டிசம்பரில் தானே புயலுக்கு முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த பண்ருட்டி விவசாயி, 2015 வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் எல்லோருமே 'ஆம்' போடுவார்கள். அது பட்ட அனுபவம். அந்தப் பயத்துக்கும் உதவி தேவைப்படலாம், சரி. ஆனால் சுபாவம் என்று சொல்ல வேண்டுமானால் அது பல வருடங்களாக, பல சூழ்நிலைகளில், புயலே இல்லாத சித்திரை மாதத்திலும் தெரிய வேண்டும்.

என்னை அதிகம் வருத்தியது 'தாயின் வளர்ப்பே காரணம்' என்ற வரி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இந்தப் பண்பில் மனிதர்களுக்குள் காணப்படும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் மரபணு சார்ந்தது. ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு மிகவும் குறைவு. அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் விளையாடப் போவான், தம்பி ரிசல்ட் வரும்வரை சாப்பிடமாட்டான். ஒரே அம்மா வளர்த்த பிள்ளைகள்தான் இரண்டும். பரீட்சைக் காலத்தில் பிள்ளை அழுதால் ஏற்கெனவே பழி அம்மாவின் தலையில்தான் விழுகிறது. பத்திரிகையும் சேர்ந்து ஏற்ற வேண்டுமா?

மரபணு என்றதும் மாறவே மாறாது என்று நினைத்துவிடக் கூடாது. வயது ஏற ஏறப் பொதுவாக இந்த அளவு குறைகிறது. உளவியலாளர் பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் ஆளுமைப் பண்புகள் ஓரளவு மாறியிருந்தன. அதிகம் மாறியது உணர்ச்சிச் சமநிலை, அதாவது நியூரோட்டிசிசத்தின் மறுபக்கம்தான்.

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தக் கேள்விகளைத் தயாரித்தவர் யார், எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்தார் என்பதையும் எழுதுங்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு, வேலை எல்லாம் கெடும் அளவுக்குக் கவலை இருப்பவர்களுக்காக அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.