மனவளக்கலை மன்ற ஆண்டறிக்கை: இந்த வருடம் அகத்தாய்வுக்கு

வாழ்க வளமுடன். தலைவர், பொருளாளர், பேராசிரியர்கள், அருள்நிதியர்கள், அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வருடம் வரவு செலவையும் சேர்ந்தவர்கள் கணக்கையும் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன், இந்த முறை கொஞ்சம் மனம்விட்டுப் பேசுகிறேன்.

காலை வகுப்பு தடங்கல் இல்லாமல் நடந்தது. கைப்பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்தல் வரை எளியமுறை உடற்பயிற்சி முழுவதும் சொல்லிக்கொடுத்தோம், முட்டி வலி, முதுகு வலி என்று வந்தவர்களுக்கு நல்ல பலன். ஆனால் வலி குறைந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்தான். கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்து, தறியும் வியாபாரமுமாக வாழ்ந்துகொண்டே தவமும் ஆராய்ச்சியும் செய்து, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 2006-இல் மறையும் வரை எழுதியும் பேசியும் வந்த வேதாத்திரி மகரிஷி நமக்குத் தந்தது உடற்பயிற்சி மட்டும் இல்லையே. உடற்பயிற்சி, தவம், தன் மனதைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் அகத்தாய்வு, உயிராற்றலைப் பேணும் காயகல்பம் எல்லாம் சேர்ந்ததுதான் மனவளக்கலை. வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை அவர். இல்லறத்தில் இருந்தபடியே இறைநிலையை உணரலாம் என்றார், மனைவி லோகாம்பாள் அம்மையார் பிறந்த ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடச் சொன்னவரும் அவர்தான்.

அதனால் செயற்குழுவில் பேசி, இந்த வருடம் அகத்தாய்வுக்கு முதலிடம் என்று முடிவு செய்தோம். எண்ணம் ஆராய்தலும் ஆசை சீரமைத்தலும் சுமாராகப் போயின. சினம் தவிர்த்தல் வந்தபோதுதான் வகுப்பே மாறியது. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுத்து, யார் மீது கோபம் வந்தது, எதற்கு வந்தது, அப்புறம் என்ன ஆனது என்று தினமும் ராத்திரி எழுதச் சொன்னோம். மூன்றாவது வாரம் நோட்டைத் திறந்தால் கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லாம் எங்கோ ஒரு வரியில் இருக்கிறார்கள், மீதிப் பக்கம் முழுக்க வீட்டு ஆட்கள்தான். என் நோட்டில் ஒரே பக்கத்தில் என் மகன் பெயர் ஆறு தடவை, அதில் நான்கு, அவன் சாப்பிட உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்த பேச்சு. நம்மோடு நெருங்கி இருப்பவர்கள் மீதுதான் அதிகம் சினம் வருகிறது என்று மகரிஷி சொன்னதைப் பல வருடமாக நானே மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது நெஞ்சில் தைத்தது. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் தவம் முடிந்ததும் பெயர் சொல்லி வாழ்த்தினோம். முதல் நாள் ஒரு அம்மாவுக்கு மருமகள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது அந்த மருமகளே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறார்.

தவத்தில், புருவமத்தியில் மனதை நிறுத்தும் ஆக்கினை, முதுகுத்தண்டின் அடியில் நிறுத்தும் சாந்தி, உச்சந்தலையில் நிறுத்தும் துரியம் வரை நடத்தினோம். புதிதாகத் தீட்சை எடுத்தவர்கள் நெற்றியில் அழுத்தம் அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம், சாந்தி தவத்துக்கு இறங்கிவிடுங்கள், அதற்காகத்தான் அது.

தத்துவ வகுப்புக்குக் கூட்டம் குறைவு, ஆனாலும் எனக்குப் பிடித்தது அதுதான். மகரிஷி சொல்வதுபோல் சுத்தவெளிதான் தெய்வம் என்றால், ஒன்றும் இல்லாததைக் கும்பிடுவதா என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இந்த ஹாலில் நாற்காலி, ஃபேன், ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் இடத்தை வெறும் காலி என்கிறோம். மகரிஷி அதை இருப்பு என்கிறார். தன்னையே இறுக்கிச் சூழ்ந்து அழுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு, அந்த அழுத்தத்தில்தான் விண் என்ற நுண்துகள் தோன்றிச் சுழல்கிறது, அந்தச் சுழற்சியிலிருந்து காந்தம், காந்தத்தின் வழியாகப் பஞ்சபூதங்களும் உயிர்களும் என்று கொண்டுபோகிறார். சுத்தவெளியே அறிவாகவும் நம்மிடம் இருக்கிறது என்றால், கோபத்தில் ஒருவரை வதைப்பது யாரை வதைப்பது? ஒவ்வொரு செயலுக்கும் அதற்கேற்ற விளைவு உண்டு என்ற மகரிஷியின் செயல் விளைவுத் தத்துவத்தை நான் இங்கிருந்துதான் புரிந்துகொண்டேன். ஆசிரியர் அன்று ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்த வாரமும் வந்தார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பொள்ளாச்சி பக்கத்தில் மகரிஷி அமைத்த ஆழியாறு அறிவுத்திருக்கோயிலுக்கு ஒரு வேன் பிடித்துப் போய்வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

அடுத்த வருடம் கவலை ஒழித்தல். அதற்கும் நோட்டு வேண்டும், இந்த முறை எண்பது பக்கமாக வாங்கலாம் என்று இருக்கிறேன், செயற்குழு அனுமதிக்க வேண்டுகிறேன். பழைய சினம் நோட்டுகளை யாரும் தூக்கிப் போடாதீர்கள், முதல் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

செயலாளர்