தாத்தாவை விட்டுவிடாதே

அன்புள்ள முத்து,

உன் மெயில் கிடைத்தது. ஜெயிலுக்குப் போன தாத்தாவை வம்சாவளியில் சேர்க்கவே கூடாது என்று பெரியண்ணன் அடம் பிடிக்கிறாரா? இங்கே சிட்னியில் என் பக்கத்து வீட்டு அம்மா கைதியாக வந்த தன் முப்பாட்டனைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்! அவருடைய பாட்டி காலத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே அதட்டல்தானாம்.

முப்பாட்டன் ஹென்றி கேபிள். இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம். வீடு புகுந்து திருடியதற்கு 1783-இல் தூக்குத் தண்டனை விதித்து, அப்புறம் நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். கூடப் பிடிபட்ட அப்பாவைத் தூக்கிலே போட்டுவிட்டார்கள். நாரிச் சிறையில் சூசன்னா ஹோம்ஸ் என்ற கைதியோடு பழகி, 1786-இல் அங்கேயே ஒரு பிள்ளை. சூசன்னாவை பிளிமத்துக்குக் கொண்டுபோனபோது, கைக்குழந்தையை ஏற்ற முடியாது என்றுவிட்டார் கைதிக் கப்பல் அதிகாரி. கூடப் போன சிறைக்காவலர் ஜான் சிம்சன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோச்சு வண்டியில் லண்டனுக்கே போய், அமைச்சர் சிட்னி பிரபுவைப் பார்த்து உத்தரவு வாங்கி வந்தார். யார் பெற்ற பிள்ளையோ, அவருக்கு என்ன தலையெழுத்து சொல்!

விஷயம் பரவியதும் ஊரார் காசு திரட்டி, துணிமணியும் புத்தகங்களும் மூட்டை கட்டி அனுப்பினார்கள். கப்பல் சிட்னிக்கு வந்தபோது புத்தகங்கள் தவிர மற்றது மாயம். கேபிளும் சூசன்னாவும் சும்மா இருக்கவில்லை. 1788 ஜூலையில் கப்பல் கேப்டன் மேலேயே வழக்குப் போட்டு 15 பவுண்டு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிட்டன் அமைத்த அந்தக் கைதிக் காலனியின் முதல் சிவில் வழக்கு அது.

தூக்குத் தண்டனை பெற்ற கைதி வழக்குப் போடவே அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் வழியில்லை. அதனால்தானோ என்னவோ, வழக்குத் தாளில் இவர்களை ‘புதிதாகக் குடியேறியவர்கள்’ என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறார்கள். பதிலுக்குக் ‘கைதிகள்’ என்றும் எழுதவில்லை. எனக்கு அந்த அடித்தல்தான் மொத்தக் கதையிலும் பிடித்தது. பிற்பாடு கேபிள் கான்ஸ்டபிளாகி, ஜெயிலராகி, கப்பல் வியாபாரமும் செய்து, 1846-இல் போய்ச் சேர்ந்தார்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு யோசனை சொன்னார். பழைய பதிவுகளில் இந்தக் குடும்பப் பெயரே பல எழுத்தில் இருக்கிறதாம். நீயும் ஜெயில் பதிவேட்டில் தாத்தா பெயரை இனிஷியல் மாற்றி, ஊர்ப்பெயர் சேர்த்துத் தேடிப் பார். கேஸ் என்ன என்று தெரிந்தால் எழுது. அண்ணனை நான் பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரகு