ஆற்றங்கரைக் கிடங்கு வரிசை: புதுப்பிப்புப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூரை ஓடு மாற்றியாயிற்று, உத்தரங்களுக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று, மின்பலகைகளை மாடிக்கு ஏற்றியாயிற்று. இவற்றில் குறையில்லை.

காலதாமதம், கூடுதல் செலவு இரண்டுக்கும் காரணம் கரைச்சுவர்தான். செங்கல்களுக்கு இடையிலான மூட்டுகளுக்குச் சாந்து ஒரு பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். ஒப்பந்தக்காரர் ஆற்றுப்பக்க மூட்டுகள் முழுக்கச் சிமென்ட் வைத்துவிட்டார். “சிமென்ட்தானே உறுதி?” என்று பொதுக்குழுவில் கேட்டீர்கள். உறுதிதான், ஆனால் பழைய செங்கலுக்கு அதுவே கேடு. நனைந்த சுவர் மூட்டு வழியாகக் காய வேண்டும். மூட்டை அடைத்தால் ஈரம் செங்கல் வழியே வெளியேறும். உப்பு உள்ளே படிந்து செங்கலின் முகம் பொரிந்து உதிரும்.

அதைவிட மோசம், சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற விட்ட கசிவுத் துளைகளையும் அவர் அடைத்தது. ஆறு சட்டென்று வடியும்போது பின்பக்க மண்ணில் நீர் நின்றுவிடும். முன்பக்கம் எதிர்த்துத் தாங்க நீர் இராது. வெள்ளம் ஏறும்போது நின்ற சுவர், வடியும்போது சரிவது இதனால்தான்.

சிமென்ட்டை எடுக்கச் சொன்னோம், சுழலும் தட்டால் அறுக்கும் கிரைண்டரோடு வந்தார். தட்டு ஓடிய இடமெல்லாம் செங்கல் விளிம்பு போய், 8 மி.மீ. மூட்டு 15 ஆயிற்று. அன்றே வேலையை நிறுத்தினோம். வேறு கொத்தனார்கள் உளியால், மூட்டு அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, புதுச் சாந்து வைத்து, ஈரச்சாக்குப் போட்டுக் காத்தார்கள். கையால் செய்யும் இந்த வேலைக்கு அவசரம் ஆகாது.

வெள்ளத்தை நிறுத்தும் வாசல் தடுப்புப் பலகை ஏன் 60 செ.மீ. உயரம் மட்டும்? உயரம் இரட்டித்தால் நீரின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 60 செ.மீ. நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 180 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும், 120 செ.மீ. என்றால் 720 கிலோ. 60 செ.மீ.க்கு மேல் ஏறும் நீரை உள்ளே விட்டால்தான் சுவர் தப்பும். தரைத்தளத்தில் கல் தளமும் சுண்ணாம்புப் பூச்சும் மட்டும் விட்டது இதற்காகவே. 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்பைகர்ஷ்டாட் கிடங்குகளும் நகரின் பிரதான வெள்ளத்தடுப்புக்கு வெளியேதான் நிற்கின்றன.

உத்தர மரம் தந்த மரவாடிக்காரர்கள், கல் தந்த பழைய கிடங்கு உரிமையாளர்களின் வாரிசுகள், சுமைதூக்கும் தொழிலாளர் குடும்பங்கள், படகுக்காரர்கள், மேல்மாடிக் கப்பியை மறுபடி சுழலவைத்த ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள்: எல்லார் பெயரும் முகப்புக் கல்வெட்டில் உண்டு. அவர்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

வடிகாலின் ஒருவழி வால்வில் ஒரு குச்சி சிக்கினாலும் மூடி திறந்தே நிற்கும். ஆற்று நீர் குழாய் வழியே உள்ளே வரும். மழைக்காலத்துக்கு முன் வால்வுகளைக் கழற்றிச் சேறு எடுக்க முறைவைத்து ஆள் வேண்டும். வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.