அங்கே கிடைப்பதை வைத்துச் சமைடா தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, தண்ணீர்க் குடம் தூக்க மட்டும் நான் விடுவதில்லை. போனில் சமையல் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதி அனுப்பினால் அடுப்பு முன்னால் நிற்கும்போது ஒரு தடவையாவது எடுத்துப் பார்ப்பாய் என்றுதான் இது.

நீ அனுப்பிய மளிகை பில்லைப் பார்த்தேன். பூனாவில் தமிழ்க்கடையைத் தேடிப்போய் இட்லி அரிசி, நல்லெண்ணெய், சாம்பார் பொடி, தேங்காய் என்று வாங்கியிருக்கிறாய். ஆட்டோ காசு வேறு. அப்படியும் வாரத்தில் பாதி நாள் ஓட்டல் சாப்பாடுதான். ஏன்டா என்றால், ஏதாவது ஒரு சாமான் தீர்ந்துபோய்விடுகிறது என்கிறாய். ஒரு சாமான் இல்லை என்று அடுப்பை அணைக்கிறவன் மாதக் கடைசியில் கடன்தான் வாங்குவான். அந்தச் சாமான் குழம்பில் என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொள். அதே வேலையைப் பார்க்க வேறொன்று உன் தெருமுனைக் கடையிலேயே இருக்கும். தண்டையார்ப்பேட்டையில் நம் டிபன் கடையை இத்தனை வருஷம் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, நினைவிருக்கிறதா? ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட்டார்கள், அதற்கும் வரிசை. நம் கடையில் தக்காளிச் சட்னியை நிறுத்திவிட்டு வெங்காயம், காய்ந்த மிளகாய், பூண்டு, ஒரு கொட்டைப்பாக்களவு புளி வைத்துக் காரச் சட்னி அரைத்தேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. தக்காளி விலை இறங்கிய பிறகும் சிலர் அதையே கேட்டார்கள். சாம்பாரில் தக்காளி இல்லாவிட்டால் புளியைக் கொஞ்சம் கூட்டி, ஒரு துண்டு பரங்கிக்காய் சேர்த்துவிடு. தக்காளியின் லேசான இனிப்பையும் கெட்டியையும் பரங்கி பார்த்துக்கொள்ளும். குருமாவுக்குத் தயிர் போதும். அடுப்பைக் குறைத்து, தயிரை நன்றாக அடித்து ஊற்ற வேண்டும், இல்லையென்றால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழத்தை மட்டும் கொதிக்கவிடாதே, கசக்கும். இறக்கி வைத்த பிறகு பிழி.

இப்போது மீன் குழம்பு. நீ அதற்காகத்தான் ஏங்குகிறாய் என்று எனக்குத் தெரியும்.

வஞ்சிரம்தான் மீன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. முன்பு 45 நாள் இருந்தது, இப்போது 61 நாள். அந்தச் சமயத்தில் காசிமேட்டிலேயே வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்ப வேண்டியதுதான். நம் வீட்டில் எந்தக் காலத்தில் வஞ்சிரம் குழம்பு வைத்தோம்? காலை ஏலம் முடிந்து, கூட்டம் குறைந்து, வெயில் ஏறும் நேரத்தில் போனால் கூறு கட்டி வைத்ததைக் குறைத்துக் கொடுப்பார்கள். காரப்பொடி, நெத்திலி, மத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் சங்கரா. குழம்புக்குக் கொழுப்புள்ள சின்ன மீனே நல்லது. உனக்கு அங்கே கானாங்கத்தை கிடைக்கும், பாங்டா என்று கேட்டால் தருவார்கள். கொங்கண் கரையிலிருந்து வருவது. செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருந்தால் வாங்கு, பழுப்பாக இருந்தால் நகர்ந்துவிடு.

புளி வாங்க மறந்துபோனால் கோகம் போடலாம். ஆம்சூல் என்றும் சொல்வார்கள், கருஞ்சிவப்பாகக் காய்ந்த தோல். அந்தக் கொங்கண் கரை மீன் குழம்பில் அதுதான் புளிப்பு. அரைக் கிலோ மீனுக்கு நாலைந்து தோலை வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரோடு ஊற்று. நம் புளி அளவுக்கு அடர்த்தி வராது, குழம்பு கொஞ்சம் தண்ணீராகத்தான் நிற்கும். அதற்கு இரண்டு வெங்காயத்தைக் கூடுதலாக வதக்கி அரைத்துச் சேர்த்துக்கொள். மாங்காய்க் காலத்தில் புளியைப் பாதியாக்கி மாங்காய்த் துண்டு போட்டால் அதற்கு ஈடே கிடையாது.

நல்லெண்ணெய் விலையைப் பார்த்துப் பயப்படாதே. தாளிக்க, வதக்க எல்லாம் கடலை எண்ணெய் போதும். இறக்கும்போது ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயைப் பச்சையாக மேலே விடு, வாசனை வந்துவிடும். நம் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடு. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுக்க வேண்டும், அதுவரை மீனைத் தொடாதே. மீன் போட்ட பிறகு கரண்டியே கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். வெந்தயத்துக்கு மட்டும் நான் மாற்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் மீன் குழம்பு வைக்காதே, அன்றைக்கு ரசம் வைத்துச் சாப்பிடு.

மீனே கிடைக்கவில்லையா? அதே குழம்பைச் சுண்டக் காய்ச்சி, தீயைக் குறைத்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்று. கிளறாமல் மூடி வை. மூன்று பேருக்கு நாலு முட்டையில் அசைவம் முடிந்தது. கத்திரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்டால் இன்னும் மலிவு. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, தலையைக் கிள்ளி, மணல் போக அலசிவிட்டுப் போடு, உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள். உன் ரூம் பையன்களில் யாருக்காவது வாடை ஆகாது என்றால் வேண்டாம், சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

தேங்காய்க்கு வருகிறேன். உன் ஊரில் வேர்க்கடலையை வறுத்துப் பொடியாக்கி எல்லாக் காயிலும் போடுவார்கள் என்று நீயே சொன்னாய். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கும் குருமாவுக்கும் சட்னிக்கும் அது அழகாகப் பொருந்தும். கடைசியில் போடு, முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். மீன் குழம்பில் மட்டும் போட்டுவிடாதே, இரண்டு வாசனையும் ஒன்றோடொன்று சேராது. ஓட்டல் சட்னி எல்லாம் முழுக்கத் தேங்காய் என்றா நினைக்கிறாய்? பாதிக்கு மேல் பொட்டுக்கடலை. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, தேங்காய் விலைக்கு இட்லிக்கு மூன்று ரூபாய் கூட்ட முடியாது. ஆனால் பிரியாணிக்குச் சிவப்புக் கலர், காய்ந்து கறுத்த எண்ணெயில் திரும்ப பஜ்ஜி, இதெல்லாம் மாற்றுச் சாமான் கணக்கில் வராது. அது வேறு கணக்கு.

துவரம்பருப்பு இங்கே ரேஷனில் கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். உனக்கு அந்த வசதி இல்லை. அதனால் துவரையில் பாதியும் மைசூர் பருப்பில் பாதியும் கலந்து வை. சாம்பாரில் வித்தியாசம் தெரியாது. முழுக்க மைசூர் பருப்பாகப் போட்டால் ஆறியதும் கூழாகிவிடும், அதைப் பூண்டு, பச்சை மிளகாய் போட்டுக் கடைந்து சோற்றில் போட்டுக்கொள். ஊறவைக்கத் தேவையில்லை, சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். எந்தப் பருப்பானாலும் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும். புளிப்பு முந்திவிட்டால் பருப்பு வேகாமல் கல்லாக நிற்கும்.

இட்லி ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளி வை. கிரைண்டர் இல்லாத ரூமில் அது ஆகாத வேலை. அங்கே அவல் மலிவு. கழுவிப் பிழிந்து, புளித்தண்ணீர் தெளித்து, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துப் புரட்டினால் பத்து நிமிஷத்தில் டிபன். இந்திராயணி அரிசி கிடைத்தால் பொங்கலுக்கும் தயிர்ச் சோற்றுக்கும் வைத்துக்கொள், அது ஒட்டும் ரகம், புளிச்சோறு கிளறினால் களியாகிவிடும்.

அப்புறம் மீல்மேக்கர். மட்டன் வாங்க முடியாத வாரத்தில் குருமாவுக்கு அதுதான். உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று தடவை நன்றாகப் பிழி. பிழியாமல் போட்டுவிட்டு நாற்றம் அடிக்கிறது என்று எனக்கு போன் பண்ணாதே.

நீ சின்ன வயதில் பர்மா பஜார் பக்கம் போனால் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வேண்டும் என்று அழுவாயே, அதை யோசித்துப் பார். அறுபதுகளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறி, இங்கே கிடைத்ததை வைத்து அந்த ஊர்ச் சாப்பாட்டைச் செய்து விற்றார்கள். அங்கே மீன் போட்டுக் காய்ச்சும் மொய்ங்கா, இங்கே தள்ளுவண்டியில் வாழைத்தண்டு சூப்பாகக் கிடைக்கிறது. குடிக்கிற யாரும் மீன் எங்கே என்று கேட்பதில்லை. நீ அதைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தவன்தான். அதனால் அம்மா கைப்பக்குவம் அங்கே வராது என்று என்னிடம் சொல்லாதே.

அடுத்த மாதம் எதிர்வீட்டு அண்ணன் பூனாவுக்கு வருகிறாராம். குழம்பு மிளகாய்த்தூள் ஒரு கிலோ அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய், தனியா எல்லாம் மொட்டை மாடியில் காய்கிறது, இந்த வாரம் மில்லுக்குப் போகும். உன்னிடம் இருக்கும் பெரிய டப்பாவைக் கழுவி, ஈரம் போக வெயிலில் வை. ஈரக் கரண்டி விட்டால் வண்டு வைக்கும். உன் ரூம் பையன்களிடமும் சொல்லி வை.

இப்படிக்கு,
அம்மா