பாதி எண்ணெயில் போன கரண்ட்

திருச்சி
31.8.2025, ஞாயிறு

அன்புள்ள சண்முகம்,

கரண்ட் போய்விட்டது, அதனால் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். எட்டு மாதம் கடன் வைத்திருந்தவன் இப்படியா ஆரம்பிப்பது என்று லலிதா கேட்பாள். கேட்கட்டும். பொங்கலுக்கு நீ எழுதியது இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது. அதில் மூன்று காபி வட்டம். உன் முழங்கால் எப்படி? என் சர்க்கரை வழக்கம்போல. வசந்தா நலம். முருங்கை ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

அடுப்பங்கரை மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி நிற்கிறது. உள்ளே சோயா பால், அரைத்த கடுகு, உப்பு, பாதி எண்ணெய். மீதி எண்ணெய் டம்ளரில் இருக்கிறது. நடுவில் கரண்ட் போனதால் ஹேண்ட் பிளெண்டர் ஜாடிக்குள் நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. "எடுக்காதீங்கப்பா, ஆடாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பிரபு வாசல் படியில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

ஆமாம், பிரபு இங்கேதான் இருக்கிறான். மார்ச் கடைசியிலிருந்து. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மயோனைஸ். சிரிக்காதே. ஷவர்மாவோடு வெள்ளையாகத் தருவார்களே, அதுதான். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் "பால்மம் என்றால் என்ன? இரண்டு எடுத்துக்காட்டு தருக" என்று எழுதிப் போட்டவன் நான். கலக்காத இரண்டு திரவத்தில் ஒன்று மற்றதில் துளித்துளியாக நிற்பதுதான் பால்மம், மயோனைஸும் அதில் சேர்த்தி. பால், வெண்ணெய் என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். பால் என்றால் நீரில் கொழுப்பு, வெண்ணெய் என்றால் கொழுப்பில் நீர் என்று பிரித்து எழுதிய பயலுக்கு 'குட்' வேறு போடுவேன். ஒரு நாளாவது ஒரு பால்மத்தை என் கையால் செய்து பார்த்தேனா? அறுபத்தோரு வயதில் பார்க்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது, இருந்தாலும் கேள்.

பிரபு இரண்டு வருடமாகப் பால் தொடுவதில்லை. முட்டை, நெய், தேன் எதுவும் கிடையாது. தயிர் சாதம் வேண்டாம் என்று திருச்சியில் ஒரு பிள்ளை சொல்கிறான், அதுவும் என் வீட்டில்! ஹாஸ்டலில் பதினேழாம் நம்பர் அறைக்குத் தயிர் கடத்தியவன் பெற்ற பிள்ளை. வசந்தா ஒரு மாதம் அழுதாள். அப்புறம் தேங்காய்ப் பாலில் ஆப்பமும் சொதியும் செய்து போட்டுச் சமாளித்தாள். ஆனாலும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, "பிரெட்டுக்கு மயோ இருந்தா போதும்மா" என்றான்.

முட்டையில்லாதது ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று பெருமையாக நீட்டினேன். பின்பக்கம் படித்துவிட்டு, "பால் பொடி போட்டிருக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்தான். பச்சைப் புள்ளி சைவத்துக்குத்தான், பாலுக்கு அது தடை சொல்லாது என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அதே சமயத்தில்தான் பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸை ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்கு அரசாங்கம் தடை செய்தது. சால்மோனெல்லா என்ற கிருமி பயம். தெருமுனைக் கடைக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். முட்டையும் வேண்டாம், பாலும் வேண்டாம், இதை நாமே செய்தால் என்ன என்று எனக்குள் இருந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுந்துவிட்டார்.

எழுந்தவர் பட்ட அவமானத்தைக் கேள். முதல் தடவை கடையில் சோயா பால் டப்பா வாங்கினேன். அது வெனிலா வாசனை, சர்க்கரை போட்டது. பூண்டும் வெனிலாவும் சேர்ந்தால் என்ன ருசி என்று உலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும், அதில் மூன்று பேர் என் வீட்டில். நான்காவது பக்கத்து வீட்டுப் பூனை. இரண்டாவது தடவை நல்லெண்ணெய். மயோனைஸ் இட்லிப்பொடி வாசனை அடித்தது. மூன்றாவது தேங்காய் எண்ணெய். செய்தபோது வெண்ணெய் மாதிரி அழகாக வந்தது, ஃப்ரிட்ஜில் வைத்தேன், காலையில் கரண்டி வளைந்தது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்! நான்காவது தடவை அவசரப்பட்டு எல்லாவற்றையும் மிக்ஸி ஜாரில் ஒன்றாகக் கொட்டினேன். திரிந்த மோர்க்குழம்பு. முந்திரியை ஊறவைத்து அரைத்தால் போதும் என்று பக்தா யோசனை சொன்னான். அரைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது குருமாவுக்குப் போடுகிற விழுது. அவன் கல்லூரியிலும் இப்படித்தான், கேள்வி ஒன்று, பதில் வேறு.

இப்போது கைவந்த முறை இது. 100 கிராம் சோயா பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, காலையில் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சோம்பல்பட்டுப் பாதியில் இறக்கினால் பச்சை வாடை போகாது. நன்றாக ஆறிய பால் 100 மில்லிக்கு வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி. வடை சுட எடுக்கிற அளவு எண்ணெய் என்று வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். அதனால் ஒரு ஸ்பூனுக்கு மேல் எனக்குக் கிடையாது. அரைத்த கடுகு அரை ஸ்பூன் போடுவது காரத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். அதன் தோலில் ஒரு வழவழப்பு இருக்கிறது, எண்ணெயைப் பிரியவிடாமல் அதுவும் கூட நின்று தாங்குகிறது. முட்டை மஞ்சள் கருவில் இருக்கிற லெசித்தின் சோயாவிலும் உண்டு. அதுவும் புரதமும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் போர்வை மாதிரிச் சுற்றிக்கொள்கின்றன. துளிகள் நெருங்கி நெருங்கி, நகர இடமில்லாமல் போகும்போது இறுகுகிறது. இரண்டும் திரவம், சேர்ந்தால் கரண்டியில் நிற்கிறது! கடைசியில் எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன் விட்டால் இன்னும் கெட்டியாகும். பாலைத் திரியவைக்கிற அதே புளிப்பு இங்கே உதவிக்கு வருகிறது.

பிள்ளையார் சதுர்த்திக்கு வெள்ளைக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தோம். வேகவைத்த தண்ணீரை வசந்தா கொட்டப் போனாள், பிரபு ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். 2014-இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுப் பாடகர் இந்த மாதிரிப் பயறு, கடலைத் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக் கரு மாதிரி நுரைக்கிறது என்று கண்டுபிடித்தாராம். மறு வருடம் ஒரு அமெரிக்க இன்ஜினியர் அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயர் வைத்தாராம். நம் பாட்டிகள் ரசத்தில் ஊற்றிய தண்ணீர்! அதிலும் மயோனைஸ் செய்தோம். சோயாவைவிட லேசாக வந்தது. எனக்கு சோயாதான் பிடித்தது.

இதெல்லாம் ஒரு ஆள் வேலையில்லை, சண்முகம். ஒருவர் பிளெண்டரை அடியில் அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் எண்ணெயை நூல் மாதிரி விட வேண்டும். ஏப்ரலில் நான் பிரபுவைக் கத்திவிட்டேன். "ஊரே வேலைக்குப் போகுது, நீ மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கே" என்றேன். போதாததற்கு பக்தாவிடம் போனில் வேலைக்குச் சொல்லிவைத்தேன். அது அவன் காதில் விழுந்து, மூன்று நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு நாள் நான் ஒற்றைக் கையால் ஜாடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து பிளெண்டரைப் பிடித்துக்கொண்டான்.

போன வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது, ஜாடியைப் பார்த்தபடியே சொன்னான்: "மெயில்லதாம்பா சொன்னாங்க. பத்து நிமிஷத்துல லேப்டாப் லாக் ஆயிடுச்சு. மேசையில இருந்த செடியைக்கூட எடுத்துட்டு வரல." ஐந்து மாதத்தில் அவன் வேலையைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்ன செடிடா என்று கேட்டேன். மணி பிளாண்ட் என்றான்.

அதனால் ஒரு விஷயம். பக்தா பெண் கல்யாணத்துக்கு நீ வரத்தானே போகிறாய், எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். உன் மாப்பிள்ளை கம்பெனியில் ஆள் எடுப்பது எனக்குத் தெரியும். நீ அதைப் பிரபுவிடம் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே, எனக்கு வாய் நிற்காது. வேலையைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் உன் முகம் கேட்கும், அதையும் கொஞ்சம் அடக்கி வை. அவனோடு உட்கார்ந்து சீட்டு ஆடு. தோற்றுக்கூடப் போ, உனக்குப் பழக்கம்தானே.

இரு, ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது. பிரபு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டான். "அப்பா, மேல எண்ணெய் மிதக்குது. வேற ஜாடியில ஒரு கரண்டி சோயா பால் எடுங்க, இதைக் கொஞ்சம் கொஞ்சமா அதுல விடலாம்" என்று கூப்பிடுகிறான். போகிறேன்.

உன்
கோபாலன்