அட்டையில் பெயர் இருந்ததால் கிடைத்த மனிதர்

பழைய பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும், அவற்றை இணையத்தில் கேட்கத் தரும் செயலிகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

என் அண்ணன் திருச்சியில் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவர். கட்டைகளுக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, எந்தப் பாட்டுக்கு எந்த எண்ணுள்ள ஒலி என்று பேனாவால் எழுதி வைத்திருப்பார். ஒரு பாட்டின் இடையிசையில் நான்கு விநாடி வரும் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) ஒலிக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். அதை வாசித்தவர் யார் என்று கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், அதோடு முடிந்துவிடும். இன்று உங்கள் செயலியில் அதே பாட்டைத் திறந்தாலும் அதே மூன்று பெயர்கள்தான்.

பெயர் அச்சானால் என்ன நடக்கும் என்பதற்குச் சரண்ஜித் சிங்கைவிட நல்ல சாட்சி இல்லை. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த அவர், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். டிஆர்-808 தாளம் போடுகிறது. ஜூபிடர்-8 ராகத்தைப் பாடுகிறது. அடியில் டிபி-303 ஓடுகிறது. கிதார் வாசிப்பவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிப்பதற்கென்று செய்த சின்ன வெள்ளிநிறப் பெட்டி அது. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. கட்டைக்குக் கட்டை தாவும் கருவிகளுக்கு நடுவே, வீணைக் கம்பியில் விரல் நகர்வதுபோன்ற ஜாரு! அந்த இசைத்தட்டில் உள்ள இந்துஸ்தானி ராகமான பூபாளியைப் போட்டுக் கேளுங்கள், நம் மோகனம்தான். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். மின்சாரத்தில் ஓடும் இந்தோளம் இத்தனை உயிரோடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இதே டிபி-303தான் பின்னர் சிகாகோ இளைஞர்களின் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்கு அடையாளமானது. அந்த வகையின் முதல் தட்டு என்று பலரும் சொல்லும் ஃபியூச்சர் குழுவின் தட்டு வந்தது 1987இல்.

சரண்ஜித்தின் தட்டு அன்று விலைபோகவில்லை. இருபது ஆண்டு கழித்து டெல்லியில் ஒரு கடையில் அதைக் கண்டெடுத்தவர் எடோ பவுமன் என்ற ஹாலந்துக்காரர். அட்டையில் பெயர் இருந்தது. அதனால் மனிதரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. 2010இல் தட்டு மறுபடி வெளிவந்தது. எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்துவிட்டு 2015இல் காலமானார். அவரே பிறருக்காக வாசித்த திரைப்பாடல்கள் எத்தனையோ. அவற்றில் அவர் எங்கே இருக்கிறார் என்று உங்கள் செயலி சொல்வதில்லை. இளையராஜாவின் பாடல்களில் கீபோர்டு வாசித்த விஜி மேனுவலின் பெயரும், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இதில் சட்டமும் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தன் பெயர் குறிப்பிடப்படவேண்டும் என்று கோரும் உரிமையைத் தருகிறது. அதே சட்டம், திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ பங்காற்றி, தொழில் வழக்கப்படி பெயர் எங்கும் குறிக்கப்படாதவரை அந்த உரிமைக்குரிய கலைஞராகவே கருதுவதில்லை. பெயர் போடாததே பெயர் கேட்க முடியாததற்குக் காரணமாகிவிடுகிறது. இந்த வளையத்தை நீங்கள் நினைத்தால் நாளையே அறுக்கலாம். பெயர் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். உங்கள் கிடங்கில் உள்ள தட்டுகளின் பின்னட்டைகளையும் ஒலிப்பதிவுக் குறிப்புகளையும் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வாத்தியக் கலைஞரின் பெயரையும் பாட்டோடு சேருங்கள். சிந்தசைசரும் தாள இயந்திரமும் வாசித்தவர்களை மறக்காதீர்கள். இயந்திரம் தானாக வாசித்தது என்று நினைக்கும் பழக்கத்தால் முதலில் விடுபடுபவர்கள் அவர்கள்தான்.

குறிப்பே இல்லாத பாடல்களுக்கு ஆட்களைக் கேளுங்கள். வயதான கலைஞர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். பாட்டைப் போட்டால் நான்கு ஸ்வரத்துக்குள் ‘இது நான்’, ‘இது இன்னார்’ என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஆண்டே ஆள் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு கீபோர்டு கலைஞரின் தம்பி