பாதரசத்தை எடுத்தீர்கள், சரி. அதை எங்கே வைத்தீர்கள்?

எந்த மருத்துவக் கருவியைத் தொடர்வது, எதை விலக்குவது என்று முடிவெடுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன்.

பாதரச பி.பி. மிஷினை விலக்கியதில் எனக்கு மறுப்பு இல்லை. கொடைக்கானல்காரி எப்படி மறுப்பேன்? இங்கே ஓடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்ததை ஊர் மறக்கவில்லை. தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் கப்பலேறின, கழிவு மட்டும் எங்களுக்கு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட 2013-ன் மினமாட்டா உடன்படிக்கை இந்தக் கருவிகளின் உற்பத்தியை நிறுத்த 2020-ஐக் கெடுவாக வைத்தபோது நான் சந்தோஷப்பட்டவள்தான். கை பழகிய மிஷின் என்று எனக்கும் ஒரு ஒட்டுதல் இருந்தது. ஆனால் பழக்கம் ஒரு காரணமாகாது.

எடுத்த விதம்தான் உறுத்துகிறது. ஒருநாள் ஜீப் வந்தது. பழையதை ஏற்றிக்கொண்டு பேட்டரி மிஷினை வைத்துவிட்டுப் போனார்கள். கையெழுத்து கேட்டார்களே தவிர, கருத்துக் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து பூண்டுக் காட்டிலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தாள். கால் வீங்கியிருந்தது, தலைவலி என்றாள். புது மிஷின் 130/80 காட்டியது. மனசு ஒப்பவில்லை. டாக்டரின் டயல் மிஷினை வாங்கி, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன்: 150/100. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றும்போது பல தானியங்கி மிஷின்கள் குறைத்துக் காட்டும், அந்த நிலைக்கென்றே சோதித்துத் தேறியவை கொஞ்சம்தான் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாங்கும்போது அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அதைவிட என்னை அரிப்பது வேறு. அவளுக்கு முன்னால் அதே மிஷினில் "நார்மல்" என்று நான் எழுதிக் கொடுத்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியது யார்? மேலே கேட்டேன். "மிஷினை மாற்றித் தருகிறோம்" என்றார்கள். நான் கேட்டது மிஷினைப் பற்றி அல்ல. கடைசியில் ரிஜிஸ்டரைப் புரட்டி, எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு நானே நடந்தேன்.

இனி ஒன்றை விலக்கும்முன், அதைத் தினமும் கையில் பிடிக்கும் செவிலியர் ஒருவரையும், அதற்குக் கை நீட்டும் தாய் ஒருத்தியையும் உங்கள் கூட்டத்தில் உட்கார வையுங்கள். மாற்றுக் கருவியை மலையில் சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதை எடுங்கள்.

அந்த ஜீப்பில் போன பாதரச மிஷின்கள் இப்போது எந்தக் கிடங்கில் இருக்கின்றன? எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
மேல்மலையின் முன்னாள் செவிலியர்